வெயில் வெந்நீர்

ஊருக்கெல்லாம் இரும்பு கேட்டும் ஜன்னல் கிரில்லும் அடித்துக் கொடுத்த வெல்டரின் சொந்த வீட்டில் ஒரு குளியலறை கிடையாது. வீடு என்பதே ஒற்றை அறையும் தகரக் கூரையும்தான். கரண்டும் வரவில்லை, குழாய்த் தண்ணீரும் வரவில்லை என்பதால்தான் அந்த மனை அவன் கைக்கு எட்டிய விலைக்குக் கிடைத்தது. கூரை மேல் ஒரு சோலார் தகடு இரண்டு விளக்குகளை எரித்தது. மழைத்தண்ணீர் ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் சேர்ந்தது. தனிக்கட்டை என்பதால் வீட்டுக்குப் பின்னால் ஒரு வாளியை வைத்துக் குளித்துவிட்டு வேலைக்குக் கிளம்பிவிடுவான். யார் கேட்கப்போகிறார்கள்?

அப்பா அக்கா வீட்டில் இருந்தார். சர்க்கரை நோயில் அவருடைய இரண்டு பாதங்களும் மரத்துப்போயிருந்தன. ஒருமுறை வழுக்கி விழுந்ததிலிருந்து அக்காவே அவரை உட்காரவைத்துக் குளிப்பாட்டினாள். அவளைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும், அப்படிப் பார்த்துக்கொண்டாள். ஆனால் நாற்பது வருஷம் பஸ் ஓட்டிய மனிதர், பெற்ற மகள் முன்னால் கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒருநாள் வெல்டர் பார்க்கப் போயிருந்தபோது, அவள் கடைக்குப் போன நேரம் பார்த்துச் சொன்னார்.

"கதவைச் சாத்திக்கிட்டு ஒரு தடவையாவது நானா குளிக்கணும்டா. வேற எதுவும் வேணாம்."

வெல்டருக்கு அந்த வாரம் முழுக்க வேறு நினைப்பே ஓடவில்லை. மறு வாரமே வீட்டுக்குப் பின்னால் குழி தோண்டி, ஜல்லி நிரப்பி, அழுக்குத்தண்ணீர் இறங்க வழி செய்தான். நான்கு பக்கமும் சதுரக் குழாயில் சட்டம் அடித்துத் தகடு மூடினான். தலைக்கு மேலே வெந்நீருக்கு ஓர் ஏற்பாடு: இடித்த வீட்டிலிருந்து வாங்கிய கண்ணாடி ஜன்னலை மூடியாகப் போட்ட பெரிய பெட்டி, அதற்குள் கறுப்பு பெயின்ட் அடித்த டிரம். காலையில் நிரப்பினால் மதியத்துக்குள் வெயிலே சுடவைத்துவிடும். அங்கிருந்து ஒரு குழாய், மழைத்தொட்டியிலிருந்து இன்னொரு குழாய். விறகும் வேண்டாம், கரண்டும் வேண்டாம். பட்டறையில் போவோர் வருவோரிடமெல்லாம் இதைச் சொல்லிச் சொல்லி அவர்கள் காதில் ரத்தம் வராத குறை.

அப்பா பிடித்துக்கொள்ளச் சுவரோடு கம்பிகள், சாய்ந்து உட்கார ஒரு நாற்காலி, ஒரு முனைகூடக் குத்தாதபடி எல்லாவற்றையும் தேய்த்து வழவழப்பாக்கினான். உள்தாழ்ப்பாளை மட்டும் மூன்று தடவை கழற்றி மாட்டினான், நடுங்கும் விரலால் தள்ளினாலும் விழ வேண்டும் என்று.

அக்கா வந்து சுற்றிப் பார்த்தாள். குறை கண்டுபிடிக்கவே வந்தவள் போலக் கம்பிகளை ஆட்டிப் பார்த்தாள், ஒன்றும் அசையவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அனுப்புகிறேன் என்று இறங்கி வந்தாள். அப்பாவின் காலுக்குச் சூடு தெரியாது, தண்ணீரை முழங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்று ஒன்றுக்கு இரண்டு தடவை சொன்னாள். முழங்கை எதுக்கு, என் கை என்ன கடன் வாங்கின கையா என்று வெல்டர் சிரித்தான். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் அவனுக்குத் தன் வாயிலேயே அடித்துக்கொள்ளத் தோன்றும்.

முதல் இரண்டு ஞாயிறும் மேகமூட்டம், தண்ணீர் வெதுவெதுப்போடு நின்றுவிட்டது. அப்பா உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு, முக்கால் மணி நேரம் கழித்துப் புது மாப்பிள்ளை மாதிரி வெளியே வந்தார். முதலில் இரண்டு பாதத்தையும் ஒரு பேசினில் ஊறவைத்துக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்பது, பிறகு வாளித் தண்ணீரில் மேலுக்குக் குளிப்பது, இதுதான் அவர் கணக்கு.

மூன்றாவது ஞாயிறு சுள்ளென்று வெயில். வெல்டர் வாளியில் வெந்நீரையும் பச்சைத்தண்ணீரையும் பாதிக்குப் பாதி விளாவினான். ஊறவைக்கும் தண்ணீர் சீக்கிரம் ஆறிவிடுமே என்று பேசினில் பச்சைத்தண்ணீரைக் குறைத்தான். உள்ளங்கையை விட்டுப் பார்த்தான். பற்றவைத்த இரும்பை ஆறும் முன்னே எடுத்து எடுத்து, இருபது வருஷத்தில் தோல் செருப்பாகிப்போன கை அது.

"இதமா இருக்குப்பா, கால வைங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தான்.

உள்ளே அப்பா பழைய பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். கால்மணி நேரம் பாட்டு நிற்கவே இல்லை. அவர் தாழ்ப்பாளைத் திறந்தபோதுதான் வெல்டர் அந்தப் பாதங்களைப் பார்த்தான். தோல் நனைந்த காகிதமாக உரிந்து தொங்கியது. அப்பா அவன் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் குனிந்து தன் காலைப் பார்த்தார்.

ஆஸ்பத்திரிக்கு அக்கா ஓடி வந்தாள். என்ன நடந்தது என்று அவள் தம்பியைத்தான் கேட்டாள். பதில் கட்டிலிலிருந்து வந்தது.

"அவன் சரியாத்தான் விளாவி வச்சிருந்தான். நான்தான் புத்தியில்லாம மறுபடியும் வெந்நீரத் திறந்துட்டேன்."

வெல்டர் வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான். அந்த நிமிஷம் அவனுக்குள் வந்தது வருத்தம்கூட இல்லை, நிம்மதி. அப்பாடா, தப்பித்தோம் என்ற நிம்மதி. பிறகு எத்தனையோ தடவை தன்னைத் தானே சமாதானப்படுத்திப் பார்த்தும், அந்த ஒன்றை மட்டும் அவனால் மன்னிக்க முடியவில்லை.

அப்பாவின் கால்விரல்கள் இரண்டை எடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகள் நின்றன. அதோடு போயிருந்தால் பரவாயில்லை. எது வெந்நீர், எது பச்சைத்தண்ணீர் என்று தெரியாதவராகிவிட்டார் என்று அக்கா முடிவு கட்டிவிட்டாள். தீப்பெட்டி ஒளிந்தது, சாவிக்கொத்து ஒளிந்தது, அவர் மாத்திரையை அவர் கையில் கொடுப்பதும் நின்றது. அப்பா எதற்கும் மறுபேச்சு பேசவில்லை. பேசினால் மகன் மாட்டிக்கொள்வானே.

எட்டு மாதம் கழித்து ஒரு காலையில் வெல்டர் அக்கா வீட்டுக்குப் போனபோது, பக்கத்து வீட்டுக்காரி வந்திருந்தாள். அப்பாவை வைத்துக்கொண்டே அக்கா அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள், இவர் இப்போது குழந்தை மாதிரி, ஒரு நிமிஷம் தனியே விட முடியாது என்று. அப்பா ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். வெல்டரின் பார்வை அந்த வீட்டுக் குளியலறைக் கதவுக்குப் போனது. தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நான்கு திருகாணி ஓட்டைகள்தான் இருந்தன.

பக்கத்து வீட்டுக்காரி போகும் வரை பொறுத்திருந்தான்.

"அக்கா, அன்னைக்கு அப்பா எதையும் திறக்கல. பேசின்ல தண்ணி ஊத்தினது நான். கையால தொட்டுப் பார்த்ததும் நான்தான்."

அக்கா அப்பாவைப் பார்த்தாள். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தன்னை நாலு வார்த்தை திட்டுவாள் என்று வெல்டர் காத்திருந்தான், திட்டியிருந்தால் தேவலை. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து, எட்டு மாதமாக அவரை என்னவெல்லாம் சொல்லிவிட்டேன் என்று அழுதாள்.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். வாளியில் தண்ணீர் விளாவி, முழங்கையால் தொட்டுப் பார்த்தாள். அப்பாவைக் கைத்தாங்கலாக உள்ளே கொண்டுபோய் முக்காலியில் உட்காரவைத்தாள். இன்றைக்கு நீங்களே குளியுங்கள் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.

இருவரும் வெளியே நின்றார்கள். உள்ளே ஒருமுறை தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்டது. பிறகு குவளை தரையில் உருண்டது. அதன் பிறகு வெகுநேரம் எந்தச் சத்தமும் இல்லை. வெல்டர் கதவில் கை வைத்தான், அக்கா வேண்டாம் என்று தலையசைத்தாள்.

"பாப்பா, நீயே வாம்மா" என்று அப்பாவின் குரல் வந்தது. "எனக்குப் பழக்கம் விட்டுப்போச்சு."

அக்கா உள்ளே போனாள். கதவு திறந்தே கிடந்தது. அப்பா கண்ணை மூடிக்கொள்ளக்கூட இல்லை.