பூவாத்தாள் வீட்டுக் காற்று

பூவாத்தாள் வீட்டு மாடிக் காற்றுக்கு டாங்கிப் படையில் வேலை கிடைக்கும்போல் இருந்தது. கடைசித் தேர்வு ஒன்றுதான் பாக்கி.

பாலைவனத்தில் ஓடும் டாங்கிகளின் எஞ்சினைத் தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்க முடியாது. அங்கே குடிக்கவே தண்ணீர் கிடையாது. அதனால் காற்றை வேலைக்கு எடுக்கிறார்கள். கடலோரக் காற்று ஆகாது, உப்பு இரும்பைத் தின்றுவிடும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து, உடுமலைப் பக்கத்து வீடுகளில் தங்கி வளர்ந்த காற்றுதான் தோது. தேறாதவை ஊருக்கு மேற்கே காற்றாலைக் காத்தாடி சுற்றத் தினக்கூலிக்குப் போகும்.

பூவாத்தாள் மெத்தை தைப்பவள். புருஷன் காலமான பிறகு அவளுக்குத் துணை அந்தக் காற்றுதான். அது காத்தாடியில் மாட்டிக்கொண்டு ஒரே வட்டத்தையே சுற்றிக்கொண்டிருக்கக் கூடாது, நாலு ஊர் பார்க்க வேண்டும் என்பது அவள் ஆசை.

சந்தை மைதானத்தில் டாங்கி நின்றது. எஞ்சினைச் சுற்றி, தட்டுகளை அடுக்கியதுபோல மெல்லிய தகடுகள். பழைய காற்று பணி ஓய்வு பெற்று இறங்கி, வேப்பமரத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. பூவாத்தாளின் காற்று கூச்சத்தோடு முன்பக்கக் கம்பிவலை வழியாக உள்ளே நுழைந்தது. எஞ்சின் உறுமியது. சூடு காட்டும் முள் ஏறிக்கொண்டே போனது.

ஹவில்தார் செபஸ்தியான் எஞ்சினை அணைக்கச் சொன்னார். "உள்ள போகுதுங்கம்மா. ஆனா போன வழியாவே திரும்பி வருது. டிரைவர் மூஞ்சி வெந்துபோச்சு."

"எங்கூட்ல பின்சன்னலத் தொறக்கறதே இல்லீங்க. தொறந்தா பஞ்சு பறந்துருமுங்க" என்றாள் பூவாத்தாள். மெத்தை தைக்கிற வீடுகளில் எல்லாம் அப்படித்தான்.

பக்கத்து வீட்டுத் துளசிமணி சும்மா இருக்கவில்லை. "செல்லங் குடுத்து வளத்தா இப்படித்தானுங்க்கா. என்ற காத்து காத்தாடிக்குப் போயி, மத்தியானத்துக்குள்ள வேலைய முடிச்சுட்டு வந்துருது."

வெயில் சாயும்வரை ஹவில்தார் அவகாசம் கொடுத்தார்.

பூவாத்தாள் காற்றை வீட்டுக்குக் கூட்டிவந்தாள். அறையில், கல்யாண மெத்தை ஒன்றுக்காக அடித்து வைத்த இலவம்பஞ்சு குவிந்து கிடந்தது. அவள் அதைப் பார்த்தாள். பிறகு அம்மிக்குழவியை எடுத்துவந்து, துருப்பிடித்த தாழ்ப்பாளைத் தட்டிப் பின்ஜன்னலைத் திறந்தாள்.

காற்று ஜன்னல்வரை போய் எட்டிப் பார்த்தது. திரும்பி வந்து அவள் மடியில் சுருண்டுகொண்டது.

"போ கண்ணு. அந்தப் பக்கமும் ஊருதான்" என்றாள்.

அது எழுந்து, பஞ்சையெல்லாம் வாரிக்கொண்டு வெளியே போனது. வீட்டைச் சுற்றிக்கொண்டு வாசல் வழியாக வந்து, மறுபடியும் பின்ஜன்னல் வழியே போனது. ஐந்தாறு தடவைக்குப் பிறகு அவள் முகத்தைப் பார்க்காமலேயே போகப் பழகிவிட்டது. தெருவெல்லாம் வெள்ளையாக இருந்தது. துளசிமணி தன் முருங்கைமரத்தில் ஒட்டிய பஞ்சைப் பொறுக்கிச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது முறை எஞ்சின் உறுமியபோது முள் சற்று ஏறி, யோசித்து, இறங்கியது. பின்பக்கக் கம்பிவலை வழியாகக் காற்று சீராக வெளியே வந்தது.

"டிரைவர் குளிருதுன்னு போர்வை கேக்குறாருங்கம்மா" என்றார் ஹவில்தார். தேறிவிட்டது என்பதை அப்படித்தான் சொல்வார்கள்.

டாங்கி வடக்கே கிளம்பியது. கடந்து போகும்போது காற்று அவள் முந்தானையை ஒரு தரம் தூக்கிப் பார்த்துவிட்டுப் போயிற்று. சாலை வளைவில் மறையும்வரை அவள் நின்றாள். அழுகை வரும் என்று நினைத்திருந்தாள், பசிதான் வந்தது.

வீட்டுக்குத் திரும்பியபோது, எஞ்சினிலிருந்து வெளியேற்றப்பட்ட சூடு வாசலில் நின்றுகொண்டிருந்தது. இத்தனை வருஷம் ஒரே இடத்தில் இருந்துவிட்டதாம், இனிமேல் போக்கிடம் இல்லையாம். பூவாத்தாள் உள்ளே வரச் சொன்னாள். அது காலைத் துடைத்துக்கொண்டு நேராகச் சமையலறைக்குப் போய், பால் பாத்திரத்தின் அடியில் உட்கார்ந்தது.