செப்டம்பரில் வாங்கப்பட்டவர்கள்

அக்டோபர் முதல் தேதி காலையில், வாஷிங்டனில் உள்ள நதி மிதவை வாரியத்துக்கு, யாருமே வேலைக்கு எடுக்காத இருநூற்றுப் பன்னிரண்டு பேர் வேலைக்கு வந்தார்கள். அன்று தூறல். குடைகளை உதறி மடக்கிவிட்டு, அடையாள அட்டையை வாசல் இயந்திரத்தில் காட்டினார்கள். அது பச்சை விளக்கைப் போட்டு எல்லாரையும் உள்ளே விட்டது. காலி மேசைகளாகப் பார்த்து உட்கார்ந்து கணினியைத் திறந்தார்கள். வாசல் காவலாளிக்குத் தண்ணீர் கொடுத்து உட்கார வைக்க வேண்டியிருந்தது.

மென்பொருள் உரிமங்களைக் கவனிக்கும் வெர்னா டாலிவருக்குத்தான் விஷயம் முதலில் விளங்கியது. வாரியத்தில் ஆளுக்கு ஓர் உரிமம். நிதியாண்டு செப்டம்பரோடு முடிவதால், மிச்சப் பணத்தைச் செலவழிக்காவிட்டால் அடுத்த வருஷம் வெட்டிவிடுவார்கள் என்று பயந்து, துணை இயக்குநர் ராய்ஸ் பெட்டிபோன் ஆளே இல்லாமல் இருநூற்றுப் பன்னிரண்டு உரிமங்களை வாங்கிப் போட்டிருந்தார். வேண்டாம் என்று வெர்னா தலைபாடாய் அடித்துக்கொண்டாள். யார் கேட்டார்கள்? இப்போது அந்த உரிமங்களுக்கு உரிய ஆட்கள் வந்துவிட்டார்கள்.

வந்தவர்கள் சம்பளம் கேட்கவில்லை, சண்டை போடவில்லை, காப்பிப் பாத்திரம் காலியானால் தாங்களே மறுபடி போட்டு வைத்தார்கள். இந்தக் கடைசிக் குணத்தைப் பார்த்துத்தான் அலுவலகம் மிரண்டது. வெர்னாவின் பக்கத்து மேசைக்கு வந்தவளுக்குப் பெயர் இல்லை, எண்தான் இருந்தது. வெர்னா அவளுக்கு ஒடெசா என்று பெயர் வைத்தாள். மதியம் இருவரும் வண்டிக்கடைக்குப் போய் சாசேஜ் ரொட்டி சாப்பிடுவார்கள். கணவனை விவாகரத்து செய்த பிறகு வெர்னா ஒருத்தியிடம் மனம்விட்டுப் பேசியது அந்த வருஷம்தான். வேலைக்கு வருவதற்கு முந்தின வாழ்க்கையைப் பற்றிக் கேட்டால் ஒடெசா, "எனக்கு முன்னாடின்னு ஒண்ணு இல்லடி. அக்டோபர்லேருந்துதான் இருக்கேன். உனக்குத்தான் ஐம்பத்தாறு வருஷக் கவலை" என்பாள்.

அடுத்த கோடையில் சட்டம் வந்தது. எல்லாத் துறைகளும் தங்கள் உரிமங்களை எண்ண வேண்டும். அனுமதிக்கப்பட்ட பணியிடங்களுக்கு மேல் உள்ளதைத் தேவைப்படும் துறைக்குக் கொடுக்க வேண்டும், இல்லை ரத்து செய்ய வேண்டும். செப்டம்பர் கடைசிவரை கெடு. இப்படி ஒரு சட்டம் வேண்டும் என்று இருபது வருஷமாகக் கத்தியவள் வெர்னா. சந்தோஷமாக உட்கார்ந்து முதல் உரிமத்தை ரத்து செய்தாள். ஜன்னலோரம் ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்த மனிதர் இல்லாமல் போனார். கடித்த ரொட்டி தரையில் விழுந்தது, நாற்காலியில் மாட்டிய கோட்டு அப்படியே இருந்தது. வெர்னா கழிப்பறைக்கு ஓடி வாந்தி எடுத்தாள். திரும்பி வந்தபோது பெட்டிபோன் அவள் மேசையருகே நின்றிருந்தார்.

"நல்லாத்தானே வேலை செய்யுது. மிச்சத்தையும் முடிச்சிடுங்க வெர்னா."

"ஒரு ஆள் போயிட்டாரு ராய்ஸ்."

"ஆளா? அது போன வருஷ மிச்சப் பணம்."

அவள் மறுபடி அந்த ரத்துப் பொத்தானைத் தொடவில்லை. ஊரிலுள்ள எல்லாத் துறைகளையும் தொலைபேசியில் கூப்பிட்டுக் கெஞ்சினாள். மீன்வளக்காரர்கள் எண்பது பேரைக் கேட்டார்கள், மண்வளக்காரர்கள் மிச்சத்தைக் கேட்டார்கள். ஆனால் பத்துப் பத்தாகத்தான் மாற்ற முடியும் என்பது உரிமங்களை விற்ற நிறுவனத்தின் விதி. சாப்பாட்டுப் பைகளோடு அவர்கள் வரிசையாகத் தெருவைக் கடந்து புது அலுவலகங்களுக்குப் போனார்கள். சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்தார்கள். வரிசை முடிந்தபோது ஒருத்தி மிஞ்சினாள். அது ஒடெசா.

ஒற்றை உரிமத்தை யாரும் வாங்கவில்லை. கெடு நாளன்று சாயங்காலம், ஒடெசா தன் காப்பிக் கோப்பையைக் கழுவித் துடைத்து வைத்துவிட்டு, "போடு வெர்னா, வலிக்காதுன்னு நினைக்கிறேன்" என்றாள். வெர்னா உரிமப் பட்டியலைத் திறந்தாள். ஓர் உரிமம் குறைய வேண்டும், அவ்வளவுதானே. யாருடையது என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் வேலைக்கு எடுத்த ஆளின் உரிமத்தை அங்கே யாரும் ரத்து செய்ததே கிடையாது. ஓய்வு பெறுகிறவர்களுடையதைப் புதிதாக வருகிறவர்களுக்கு மாற்றித் தருவதுதான் வழக்கம். அதனால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. ஒடெசாவின் கையை இறுக்கிப் பிடித்தபடி பட்டியலில் தன் பெயரைத் தேடி ரத்துப் பொத்தானை அழுத்தினாள்.

அவள் திரை இருண்டது. கெடு முடிவதைப் பார்க்க வந்திருந்த பெட்டிபோன் ஓரடி பின்வாங்கினார். வாசலில் காவலாளி மறுபடி உட்கார்ந்துவிட்டார். வெர்னா தன் கைகளைப் பார்த்தாள், ஒடெசாவைப் பார்த்தாள், உரிமம் இல்லாத இடத்தில் இனி என்ன வேலை என்று, மேசையிலிருந்த படங்களையும் அடியிலிருந்த செருப்பையும் பைக்குள் போட ஆரம்பித்தாள். அந்த வருஷம் நடந்த எதையும்விட இதுதான் எல்லாரையும் உறைய வைத்தது. பெட்டிபோன் கிட்டே வந்து பார்த்தார்.

"நீங்க... இன்னும் இங்கதான் இருக்கீங்களா?"

"பஸ் அஞ்சரைக்குத்தான் ராய்ஸ்" என்றாள் வெர்னா.