வாயாடியின் மூச்சு

வாடகை நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்த மகனை அம்மா கையமர்த்தினாள்.

“சத்தம் போடாதே. மறுபடியும் அதுக்கு மூச்சு இழுக்குது பாரு.”

அப்பாவை அடக்கம் செய்துவிட்டு வந்து மூன்று மணி நேரம்தான் ஆகியிருந்தது. முந்தின நாள் காலை மாரடைப்பு. குளியலறையில் விழுந்தவர் எழவில்லை. இப்போது அம்மாவின் கவலையெல்லாம் வாசற்கதவோரக் கூண்டில் இருந்த சாம்பல் கிளி. வாயாடி என்று அதற்குப் பெயர் வைத்தவர் அப்பா.

“அதுக்கு ஒண்ணுமில்லம்மா,” என்றாள் மகள். பதினெட்டு வருடமாகப் பறவை மருத்துவர். “போன மாசம்தானே முழுசாப் பார்த்தேன்.”

“அவரைத் தேடித்தேடி இதுவும் போயிடும்டி. இன்னொண்ணை என்னால தாங்க முடியாது.”

“அக்கா சொன்னா கிளிகூட எதிர்த்துப் பேசாதும்மா,” என்றான் தம்பி.

“நீ நாற்காலியை அடுக்கு,” என்றாள் அம்மா. கிளியின் தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

போன மாதம் அப்பாவே கூண்டைத் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி ஏறி மகளின் கிளினிக்குக்கு வந்திருந்தார். “சாயங்காலமானா இதுக்கு மூச்சு வாங்குதும்மா” என்று சொல்லிவிட்டு, நாற்காலியில் சாய்ந்து கழுத்தைத் துடைத்துக்கொண்டார். அவள் கூண்டைத்தான் பார்த்தாள். இதயம் பழுதான பறவை, கையில் பிடித்த பயத்திலேயே செத்துப்போகும். அதனால் முதலில் தள்ளி நின்று கவனிப்பாள். மூச்சு முட்டினால் வால் ஏறி இறங்கும், அலகு திறந்திருக்கும். இரண்டும் இல்லை. எக்ஸ்ரேயில் இதயம் வீங்கியிருக்கவில்லை. ஸ்கேனில் வால்வுகள் ஒழுங்காகத் திறந்து மூடின.

“இதயம் கல்லு மாதிரி இருக்குப்பா. நிமிஷத்துக்கு முப்பது மூச்சு, அதுக்கு சகஜம். நமக்கு அப்படி வாங்கினாத்தான் ஆஸ்பத்திரிக்கு ஓடணும்.”

“அப்படியா!” அப்பா சிரித்தார். “அப்ப இவன் பிழைச்சான்.”

இப்போதும் அவள் கூண்டிலிருந்து நாலடி தள்ளி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். மணி ஐந்து. அப்பா நடை முடிந்து படியேறி வரும் நேரம். அம்மா வேலையிலிருந்து திரும்ப ஏழாகும். அதுவரை வீட்டில் அவரும் கிளியும்தான்.

பூட்டில் சாவி இரண்டு முறை திரும்பும் சத்தம் கேட்டது. செருப்புகள் ஒவ்வொன்றாக விழுந்தன. தம்பி சட்டென்று வாசலைத் திரும்பிப் பார்த்தான். கதவு மூடியே இருந்தது; சத்தம் கூண்டிலிருந்துதான் வந்தது.

பிறகு அந்த இழுப்பு. நாலு மூச்சுக்கு ஒரு முறை மெல்லிய விசில்; நடுவே அப்பாவின் செருமல். கிளியின் வால் அசையவில்லை. அலகு மூடியிருந்தது.

அம்மா கிண்ணத்தோடு வந்து நின்றாள். “என்னடி? இதயம்தானே?”

“இல்லம்மா. இது நல்லா இருக்கு. இன்னும் இருபது வருஷம் இருக்கும்.”

அவள் குரல் பிசகவில்லை. மணிக்கட்டைத் திருப்பி, கடிகாரத்தைப் பார்த்து அந்த இழுப்பை ஒரு நிமிடம் எண்ணினாள்.

முப்பத்திரண்டு.

வாயாடி நிறுத்திவிட்டு, ஒரு விதையை எடுத்து உடைத்தது.