தடிமன் சரியாக இருந்தது

தேனியில் பழைய இரும்பு வியாபாரம் செய்த ஜெபராஜ், கடற்கரையோர எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை ஒன்று கழித்துப்போட்ட பெரிய உருளைக்கலனை ஏலத்தில் எடுத்து, வளையம் வளையமாக வெட்டிக் கொண்டுவந்தார். முப்பத்திரண்டு மில்லிமீட்டர் தகடு. துருகூட அதிகம் இல்லை. அளவுக் கருவியை எங்கே வைத்தாலும் தடிமன் சரியாக இருந்தது. சின்னமனூரில் அரிசி ஆலை வைத்திருந்த விஜயகுமார் இரண்டு வளையங்களை வாங்கிப்போய், நெல் அவிக்கும் நீராவியைச் சேர்த்துவைக்க ஒரு கலன் செய்துகொண்டார்.

ஜெபராஜின் மகள் மகிமா கோயம்புத்தூரில் உலோகப் பரிசோதனைக் கூடமொன்றில் வேலை பார்த்தாள். கிறிஸ்துமஸுக்கு அவள் வீட்டுக்கு வந்திருந்தபோது, மிச்சமிருந்த வளையத்தை வாங்கிப்போன பட்டறைக்காரர், அதில் வெல்டிங் நிற்கவே மாட்டேன் என்கிறது என்று குறைபட்டுக்கொண்டார். பற்றவைத்த இடத்தின் ஓரமெல்லாம் மயிரிழையாக வெடிப்பு விழுந்தது. அவள் உள்ளங்கையளவு ஒரு துண்டை வெட்டி வாங்கிக்கொண்டு போனாள்.

துண்டை மெருகேற்றி நுண்ணோக்கியில் வைத்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. சுத்திகரிப்பு ஆலையில் அந்தக் கலன் பல வருடம் கடும் சூட்டில் ஹைட்ரஜனைத் தாங்கியிருந்தது. அந்தச் சூட்டில் ஹைட்ரஜன் இரும்புக்குள்ளேயே புகுந்துவிடும். இரும்புக்கு உறுதி கொடுக்கும் கார்பனோடு சேர்ந்து மீத்தேன் ஆகும். மீத்தேனால் வெளியே வர முடியாது. உள்ளேயே அடைபட்டு, நெருக்கி, இரும்பைத் துகள் துகளாகப் பிரித்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. தடிமன் குறையாது. காய்ச்சினாலும் தட்டினாலும் பழைய உறுதி திரும்பாது.

மறுநாளே தேனிக்கு வந்து, அப்பாவைக் கூட்டிக்கொண்டு சின்னமனூர் போனாள். விஜயகுமார் மரியாதையாக உட்காரவைத்துக் கேட்டார். தண்ணீர் நிரப்பி ஒன்றரை மடங்கு அழுத்தம் ஏற்றிப் பார்த்ததில் ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை என்றார். இன்றைக்குத் தாங்கியது நாளைக்கும் தாங்கும் என்பதில்லை என்று அவள் சொன்னதற்குச் சிரித்தார்.

திரும்பும் வழியில், அதிகாரிகளுக்கு எழுதிவிடப் போவதாகச் சொன்னாள். ஜெபராஜ் வண்டியை ஓரங்கட்டினார்.

"எழுதுனா மொதல்ல என்னையத்தான் பிடிப்பாக. மாசக் கடைசி வரைக்கும் பொறும்மா. வேற கலன் செஞ்சு குடுத்து, அதை நானே கழட்டிட்டு வந்துருதேன்."

மகிமா சரி என்றாள்.

பதினாறாவது நாள் காலை பதினொரு மணிக்குக் கலன் வெடித்தது. ஓடோ சுவரோ மிஞ்சவில்லை. இருவர் வெந்த உடம்போடு தப்பினார்கள். கலனைக் கவனித்துக்கொண்டிருந்த காமயகவுண்டன்பட்டி சுருளி அங்கேயே செத்துப்போனார். நாற்பத்தோரு வயது.

பாதுகாப்பு வால்வைச் சுருளி கம்பிபோட்டுக் கட்டிவிட்டார், அழுத்தம் ஏறி வெடித்தது என்று விஜயகுமார் போலீசில் எழுதிக் கொடுத்தார். பேப்பரிலும் அப்படியே வந்தது. ஜெபராஜ் அதை இரண்டு முறை வாசித்துவிட்டு மகளுக்குப் போன் செய்தார். செத்த மனுஷன் இனி வரப்போவதில்லை, நாம் வாயைத் திறக்கவேண்டாம் என்றார். மகிமா போனை வைத்தாள். அன்றைக்கே காமயகவுண்டன்பட்டிக்குப் பஸ் ஏறினாள்.

சுருளியின் மனைவி பிச்சையம்மாள் வாசலில் போட்ட பந்தலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். கலன் வெடித்தது அவள் புருஷனால் இல்லை, இரும்பே கெட்டது, அதை விற்றது தன் அப்பா என்று மகிமா சொன்னாள்.

பிச்சையம்மாள் தலையை நிமிர்த்திக் கேட்டாள்.

"அது கெட்ட இரும்புன்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"அஞ்சாம் தேதி."

"அவரு செத்தது இருவத்தொண்ணு." விரலை மடக்கி எண்ணியவள் பாதியில் நிறுத்தினாள். "இத்தன நாளும் அவரு அங்கன தானே நின்னாரு. ஒரு வார்த்த சொல்லிருந்தா அந்த வேலையே வேண்டாம்னு வந்துருப்பாரே."

பெண்களில் ஒருத்தி மகிமாவைப் போகச் சொன்னாள்.

நேராகக் காவல் நிலையத்துக்குப் போனாள். பரிசோதனை அறிக்கையைக் கொடுத்தாள். விஜயகுமாரிடம் எச்சரித்ததை எழுதினாள். அப்பா கெஞ்சியதையும் தான் பதினாறு நாள் சும்மா இருந்ததையும் எழுதினாள். ஆய்வாளர் அந்தக் கடைசி வரி வேண்டாமே என்றார். அவள் அதை அடித்து நீக்கவில்லை.

சிதறிக்கிடந்த தகடுகளை எடுத்துச் சோதித்தார்கள். வால்வில் கம்பி கட்டிய தடயமே இல்லை. சுருளிமேல் இருந்த குற்றச்சாட்டு நீங்கியது. விஜயகுமாரும் ஜெபராஜும் கைதாகி, ஒரு மாதம் கழித்து ஜாமீனில் வந்தார்கள். மகிமாவின் அம்மா அவளோடு பேச்சை நிறுத்திவிட்டாள். கோயம்புத்தூரில் அவளை வேலையை விட்டுப் போகச் சொன்னார்கள்.

வழக்கு இன்னும் நடக்கிறது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் பிச்சையம்மாள் திராட்சைத் தோட்டத்து வேலையை விட்டுவிட்டு டவுன் பஸ்ஸில் வருகிறாள். மகிமா சாட்சி சொல்லக் காத்திருக்கும் வராந்தாவில் எதிர்ப் பக்கத்து பெஞ்சில் உட்காருகிறாள். ஒருதரம்கூட முகம் கொடுத்துப் பேசியதில்லை. பெயர் கூப்பிடும்போது மகிமா எழுந்து உள்ளே போகிறாள்.