கூட்டிச் சொன்ன ஒரு மாதம்

மருத்துவர் குழு கூடும் அறைக்கு வெளியே கிடந்த பெஞ்சில் பெயிண்டரும் அவன் மனைவியும் காலை எட்டு மணிக்கே இடம் பிடித்துவிட்டார்கள். இருப்பதிலேயே நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். நகக்கண்ணில் இருந்த நீலம்தான் போகவில்லை.

"கையக் கழுவிட்டு வரக்கூடாதா?"

"மண்ணெண்ணெய் போட்டு மூணு தடவை கழுவினேன்டி. பெயிண்டுக்கு என்னை விட மனசில்ல. உன்ன மாதிரிதான்."

"ஆமா, நினைப்புதான்" என்று சிரித்தாள். நான்கு நாளாக அவள் சிரிக்கவே இல்லை. அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

நான்கு நாளைக்கு முன்புதான் ஸ்கேனில் தெரிந்தது. குழந்தைக்கு மண்டை ஓடு உருவாகவில்லை. பிறந்தாலும் சில மணி நேரம்தான் இருக்கும் என்றார்கள். மறுநாள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்: "சுமக்கறது எனக்குப் பெரிசில்ல. எல்லாரும் எத்தனாவது மாசம், என்ன பேர் வைக்கப்போறன்னு கேப்பாங்க. அதுக்கெல்லாம் சிரிச்சுக்கிட்டே பதில் சொல்லி, பெத்து, உடனே அதைப் பறிகொடுக்க என்னால ஆகாதுங்க." அவனாலும் ஆகாது. மருத்துவர் குழு அனுமதித்தால் இருபத்து நான்கு வாரம் வரைக்கும் கலைக்க அந்த ஊர்ச் சட்டம் இடம் கொடுத்தது. அவளுக்கு இருபத்திரண்டாவது வாரம்.

உள்ளே மூன்று டாக்டர்கள். நடுவில் இருந்த டாக்டரம்மா அவளுக்குக் கம்பெனியில் கொடுத்த கர்ப்ப கார்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"இதன்படி பாத்தா இப்ப இருபத்தாறு வாரம் ஆகுதேம்மா?"

அவள் புருஷனைப் பார்த்தாள். அவன் எழுந்தே நின்றுவிட்டான்.

"அது நான் பண்ண தப்புங்க டாக்டர். இவ பிஸ்கட் கம்பெனியில பெல்ட் பக்கத்துல பத்து மணி நேரம் நின்னுக்கிட்டே பாக்கெட் போடணும். ஆறாம் மாசம் ஆனாத்தான் உக்கார ஸ்டூல் குடுப்பாங்க. இவ காலு ரெண்டும் வீங்கி, ராத்திரி தூக்கமே இல்ல. நாந்தான் ஒரு மாசம் கூட்டிச் சொல்லுன்னேன். கம்பெனி நர்சு அப்படியே எழுதிட்டாங்க."

"அதுக்கு முன்னாடி எங்கயும் காட்டலியா?"

"ஆஸ்பத்திரி நேரத்துக்கு லீவு குடுக்கலங்க" என்றாள் அவள்.

டாக்டரம்மாவுக்குக் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் தேவலை என்று இருந்தது அவனுக்கு. "நீங்க பொய் சொல்லலைன்னு எனக்குத் தெரியுதுப்பா. வழக்கமா தலை அளவை வச்சு வாரத்தைச் சொல்லிடலாம். இந்தப் பிள்ளைக்கு..." என்று நிறுத்திவிட்டு, குரலைத் தாழ்த்தினார். "தொடை எலும்பு இருபத்திரண்டுன்னுதான் காட்டுது. ஆனா வளர்ச்சி குறைஞ்ச பிள்ளை, அளவு சின்னதாத்தான் இருக்கும்னு நாளைக்குக் கேள்வி வரும். எழுதிக் கையெழுத்துப் போட்ட கார்டை மீறி நாங்க அனுமதி குடுக்க முடியாது. மேல் குழுவுக்கு அனுப்பறோம்."

"பதில் எப்ப வரும்?"

"மூணு வாரமாவது ஆகும்."

அவன் விரல் விட்டு எண்ணினான்.

"அப்ப நிஜக் கணக்கும் தாண்டிடுமே டாக்டர்?"

ஓரத்தில் இருந்த டாக்டர் அடுத்த ஃபைலை எடுத்தார்.

மாடிப்படியில் அவன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். "எல்லாம் என்னாலதான். புத்தி கெட்ட பய நான்."

"வாயை மூடுங்க." அவள் அவன் முழங்கையைப் பிடித்தாள். "ரெண்டு வாரம் நான் உக்காந்து வேலை பாத்தேன். என் கால் வலியைப் பத்தி இந்த உலகத்துல வேற யாரு யோசிச்சா? வாங்க, அழாம இறங்குங்க. விழுந்து வச்சா உங்களையும் நாந்தான் சுமக்கணும்."

அழுதுகொண்டே சிரித்தான்.

கீழே, கர்ப்பிணிகள் எல்லோரும் மருந்து வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும் என்று காவலாளி வழி காட்டினான். கவுண்டர் ஜன்னலில் இருந்த பெண் நல்ல சுபாவக்காரி. பெயிண்டர் மனைவியின் வயிற்றைப் பார்த்து முகம் மலர்ந்து, நான்கு அட்டை வெள்ளை மாத்திரையைத் தள்ளினாள்.

"தினம் ரெண்டு, மறக்காம குடுங்கண்ணா. பாப்பாவுக்கு எலும்பு நல்லா கெட்டியா வளரும்."

அவன் இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டான்.