பழுதில்லாத துப்பாக்கி

கராவாங்கன் மலைத்தொடரின் வெண்சுண்ணப் பாறைமுடிகளில் விடியலின் முதற்செம்மை படிந்து, அங்கிருந்து மெல்ல இறங்கி, பொன்னிறம் பூண்டு நின்ற ஊசியிலை மரங்களின் உச்சிகளைத் தீண்டி, அவற்றின் அடியில் கிடந்த மூடுபனியைத் தொடத் தயங்கி நின்ற ஐப்பசித் திங்களின் காலைப்பொழுது அது. கீழே திராவ் ஆறு ஓசையின்றி ஒழுகியது. ஆற்றங்கரை ஊர்களில் கோயில் மணிகள் ஒன்றன்பின் ஒன்றாய் ஒலித்து ஓய்ந்தன. இணைதேடிக் கதறிய கலைமான்கள் அக்கதறல் அடங்கி, மெலிந்த உடலைத் தேற்றிக்கொள்ளப் புல்வெளிக்கு இறங்கும் பருவம். கற்றறிந்த வாசகரே, வேட்டையை நீவிர் விரும்பலாம், வெறுக்கலாம். எங்கள் பள்ளத்தாக்கிலோ அது உழவைப்போல் முறையும் நெறியும் உடையதோர் ஒழுக்கம். அவ்வொழுக்கத்தைக் கைவிட்ட ஒருவனின் நாணத்தையே இங்குச் சொல்லப் புகுந்தேன்.

அவன் பெயர் ஒஸ்வால்ட். மரமறுக்கும் ஆலை ஒன்றின் உடைமையாளன். தீயவன் அல்லன், தற்பெருமை சற்று மிகுந்தவன், அவ்வளவே. துப்பாக்கி செய்வதையே தலைமுறைத் தொழிலாய்க் கொண்ட ஃபெர்லாக் நகரில், கம்மியர் ஒருவரிடம் தனக்கென்றே ஒரு வேட்டைத் துப்பாக்கி செய்யச் சொல்லி ஈராண்டு காத்திருந்தான். மணமகனுக்கு மேலங்கி தைப்பவன் அளவெடுப்பதுபோல், அக்கம்மியர் அவன் கழுத்தின் நீளத்தையும் கன்னத்தின் புடைப்பையும் தோளின் சரிவையும் அளந்து, அக்ரூட் வேர்மரத்தில் பிடிக்கட்டை கடைந்து, ஒருமுறைக்கு ஒரே தோட்டா ஏற்கும் ஒற்றைக்குழல் துப்பாக்கியாய் அதனைச் சமைத்துத் தந்தார். தோளில் ஏற்றினால் அது உடலின் உறுப்பொன்றாகவே ஆகிவிடும். இருநூறு அடி தொலைவில் நாட்டிய காசையும் துளைக்கும். அதன் விலைக்குப் புத்தம்புதிய உழுவுந்து ஒன்றை வாங்கிவிடலாம்.

அவ்விலை தகுமா தகாதா என்பதே ஓராண்டாய் எங்கள் ஊர் மதுக்கடையின் ஓயாத வழக்கு. தகாது என்போரின் தலைவன் ஒஸ்வால்டின் மனைவி சென்ஸியின் அண்ணன் ப்ளாசியுஸ். பால்வண்டி ஓட்டும் அவனிடம் இருந்ததோ யாரோ பயன்படுத்தி விற்ற பழந்துப்பாக்கி. அதன் கட்டை வெடித்துக் கம்பியால் வரிந்து கட்டப்பட்டிருந்தது.

"மான் என்ன, விலைச்சீட்டப் படிச்சுட்டா சாகுது மச்சான்?" என்பான் ப்ளாசியுஸ்.

"நீ வெச்சிருக்கறதுக்குப் பேரு துப்பாக்கியா? உங்க வீட்டு ஜன்னல்ல ஒரு கம்பியக் காணோம்னு உன் பொண்டாட்டி தேடிட்டு இருக்கா, போ!" என்பான் ஒஸ்வால்ட்.

கடை முழுதும் சிரிக்கும். இருவரும் ஒருவர் தோளில் மற்றவர் கைபோட்டு வீடு திரும்புவர். அக்கேலி அவர்களின் அன்பு உடுத்திய உடை என்பதை ஊரே அறியும்.

அற்றைக் காலையில் ஒஸ்வால்ட் ஓடைப்பள்ளம் ஒன்றின் மேற்கரையில், மரத்தின்மேல் அமைத்த காவற்பரணில் அமர்ந்திருந்தான். எதிர்க்கரைப் பரண் ப்ளாசியுஸுடையது. பள்ளமே இருவர்க்கும் எல்லை. மூடுபனி கலைந்த இடைவெளியில் கிளைத்த கொம்புகளோடு கலைமான் ஒன்று வெளிப்பட்டது. அது அவனை நோக்கித் தலையைத் தாழ்த்தி நேர்முகமாய் நின்றது. அவ்வாறு நிற்கும் விலங்கைச் சுடலாகாது. அது திரும்பி விலாவைக் காட்டும்வரை பொறுத்திருக்க வேண்டும் என்பது எங்கள் நெறி. ஆனால் மானோ அடிமேல் அடிவைத்துப் பள்ளத்தை நோக்கி இறங்கியது. இன்னும் சிறிது நடந்தால் அது ப்ளாசியுஸின் மானாகிவிடும். நாளை மதுக்கடையில் ஜன்னல் கம்பி வெல்லும், உழுவுந்து தோற்கும். இந்த எண்ணம் எழுந்ததும் ஒஸ்வால்டின் விரல் பொறுமை இழந்தது.

வெடியோசை மலைகளில் மோதி மீண்டது. மான் தலையை உதறிற்று, விழவில்லை, தள்ளாடித் திரும்பிப் புதருக்குள் மறைந்தது.

அவன் இறங்கிச் சென்று பார்த்தான். மான் நின்ற இடத்தில் சிறிது குருதியும், சிதறிய எலும்புத்துண்டும், அதில் ஒட்டியிருந்த ஒரு பல்லும் கிடந்தன. எங்கள் ஊரில் வேட்டைக்குரிமம் பெற்ற எவர்க்கும் அதன் பொருள் விளங்கும்: தாடை உடைந்த மான் மேயாது, பருகாது, விரைந்து இறக்கவும் இறக்காது, பட்டினியால் நாள்தோறும் சிறிதுசிறிதாய்ச் சாகும். அந்நிலையில் செய்யத்தக்கதும் ஒன்றே. கிளையொன்றை ஒடித்து அவ்விடத்தில் அடையாளமாய் நட்டு, மோப்பநாய் வளர்க்கும் வால்பூர்காவை அழைக்க வேண்டும். அவள் நாய் மாலைக்குள் மானைக் கண்டுவிடும்.

கைப்பேசியை எடுத்தான். எண்ணையும் தேடி எடுத்தான். வால்பூர்கா வருவாள், அவள் வந்தது ஊருக்குத் தெரியும், எதற்கென்று கேட்பார்கள். வேறொருவன் என்றால், 'என் துப்பாக்கி சற்று இடப்புறம் இழுக்கிறது' என்று கூறித் தப்பலாம். ஈராண்டு செதுக்கி, கன்னத்தை அளந்து, காசைத் துளைத்துக் காட்டித் தந்த கருவியைக் கையில் வைத்திருப்பவன் யாரைக் குறை சொல்வான்? எல்லாம் வாங்கலாம் அவ்விலைக்கு. சாக்கு ஒன்றைத்தான் வாங்க முடியாது. ஒஸ்வால்ட் கைப்பேசியைப் பைக்குள் இட்டான். பின்பு, காலணி நுனியால் சருகுகளைத் தள்ளிக் குருதியையும் பல்லையும் மூடினான்.

"என்ன மச்சான், விழுந்துச்சா?" எதிர்க்கரையிலிருந்து ப்ளாசியுஸின் குரல் கேட்டது.

"மானா? எங்க? பட்ட மரத்துல ஒரு குறி பாத்தேன்."

"அடப்பாவி! ஒரு டிராக்டர் வெலைக்கு வெறகா வெட்டுற?"

ஒஸ்வால்டும் சிரித்தான். அச்சிரிப்பு தன் காதிலேயே கோணலாய் ஒலித்ததை அவன் உணர்ந்தான்.

அன்று நண்பகலில் சென்ஸி, பாலாடைக்கட்டியும் புதினாவும் பொதிந்த கொழுக்கட்டைகளை வெண்ணெய் உருக்கி ஊற்றிப் படைத்தாள். ஒன்றை வாயிலிட்டவன் மெல்லத் தொடங்கி, இடையில் நிறுத்தி, விழுங்கவும் மாட்டாமல் உமிழவும் மாட்டாமல் அமர்ந்திருந்தான்.

"என்னங்க, பல்லு வலியா?" என்றாள் அவள்.

அவன் தலையை அசைத்து எழுந்து வெளியே போனான். அடுத்தடுத்த நாள்களில் ஆலைக்குச் செல்வதாய்க் கூறி, திருடன்போல் தனியே காட்டுக்குள் நுழைந்து புதர்புதராய்த் தேடினான். மழை பெய்து தடத்தைக் கழுவியிருந்தது. வீட்டில் தண்ணீர்க் குவளையை உதட்டில் வைக்கும்போதெல்லாம் பருகாமலே இறக்கி வைத்தான். அப்போதும் அவன் வால்பூர்காவை அழைக்கவில்லை. நாள் கடக்கக் கடக்க, 'ஏன் முன்னமே சொல்லவில்லை' என்னும் கேள்வியும் முதற்பிழையோடு சேர்ந்துகொள்ள, வாய் மேலும் இறுகியது.

மானைக் கண்டவன் ப்ளாசியுஸ். அவ்வாரம் முடியுமுன் ஒருநாள் அவன் ஒஸ்வால்டை அழைத்து, "ஓடைக்கு வா. தனியா வா," என்று மட்டும் சொன்னான். ஒஸ்வால்ட் சென்றபோது ப்ளாசியுஸ் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ஒரு பாறைமேல் அமர்ந்திருந்தான். கரையில் மான் கிடந்தது. அதன் விலா எலும்புகள் தோலைப் புடைத்துக்கொண்டு தெரிந்தன. வழக்கப்படி இறுதிக் கவளமாய் வாயில் வைக்கும் பசுந்தளிரை வைப்பதற்கு அந்த வாயில் இடமில்லாமையால், ப்ளாசியுஸ் அதனை அதன் கழுத்தருகே வைத்திருந்தான்.

"தண்ணிக்குள்ள நின்னுட்டு இருந்துச்சு," என்றான் அவன். "வாய முக்கி முக்கி எடுக்குது. உள்ள எறங்கல. நான் கிட்டப் போறேன், ஓடக்கூட இல்ல. அங்கேயே சுட்டு அதோட வலியத் தீத்தேன்."

கேலி வரும் என்று ஒஸ்வால்ட் காத்திருந்தான். அடித்தாலும் தாங்கிக்கொள்ள ஆயத்தமாய் நின்றான். கேலி வரவில்லை. ப்ளாசியுஸ் உடைந்த தாடையைப் பார்த்தவாறே, "நீ எங்க காட்டினியோ அங்கதான் பட்டிருக்கு. துப்பாக்கி மேல ஒரு குத்தமும் இல்ல," என்றான். பின்பு நெடிது மூச்செறிந்து, "என் பேர்லயே கணக்கு வெச்சுடறேன். தாடை பாறையில மோதி ஒடஞ்சுதுன்னு சொல்லிக்கலாம். உனக்காக இல்ல, சென்ஸிக்காக," என்றான்.

ஒஸ்வால்ட் தலையசைத்தான். வாசகரே, மானைச் சுட்டதினும், சருகால் மூடியதினும், அந்தத் தலையசைப்பையே அவன் வாழ்க்கையின் இழிந்த பொழுதாக நான் கருதுகிறேன்.

பனிக்காலம் முழுதும் இருவரும் மதுக்கடையில் ஒரே மேசையில்தான் அமர்ந்தனர். பேரிக்காய்ச் சாராயம் ஊற்றப்பட்டது, சீட்டாட்டம் நடந்தது. ஆனால் துப்பாக்கி பற்றிய பேச்சை ப்ளாசியுஸ் எடுக்கவேயில்லை. மச்சான் என்று விளிப்பதையும் விட்டு, "ஒஸ்வால்ட், அந்தக் குப்பிய இப்படித் தள்ளுங்க," என்று அயலானிடம் பேசுவதுபோல் பேசினான். ஊரார் அதனைக் கவனிக்கவில்லை. கவனித்தவன் ஒருவனே, அவனுக்கு ஒவ்வொரு 'ங்க'வும் முள்ளாய்த் தைத்தது.

இளவேனில் தொடங்கியதும் வேட்டையர் கழகத்தின் கொம்புக் காட்சி வந்தது. சென்ற ஆண்டு வீழ்த்திய மான்களின் கொம்புகளையெல்லாம் மண்டபத்துச் சுவரில் மாட்டி, வயதைப் பல்லால் அறியும்பொருட்டு ஒவ்வொன்றின் கீழ்த்தாடையையும் அருகில் வைத்து, சுட்டவர் பெயரையும் எழுதித் தொங்கவிடுவது சட்டம். ஊர்மக்கள் குடும்பத்தோடு வருவர். சென்ஸியும் இலவங்கப்பட்டையும் உலர்திராட்சையும் இட்ட இனிப்பு ரொட்டியைக் கூடையில் சுமந்து வந்திருந்தாள்.

ப்ளாசியுஸின் பெயர் தாங்கிய தாடை அருகே கழகத் தலைவர் லேயோன்ஹார்ட் நெடுநேரம் நின்றார். கண்ணாடியை அணிந்து அதனைக் கையிலெடுத்துத் திருப்பினார்.

"இது பாறையில ஒடஞ்சது இல்லப்பா. குண்டு பட்டது. ஓரத்துல ஆற ஆரம்பிச்சிருக்கு பாரு. தாடையில சுட்டுட்டு எத்தன நாளு அலைய விட்ட? நாயக் கூப்பிடத் தோணலையா ஒனக்கு?"

ப்ளாசியுஸ் சிவந்த முகத்தோடு தன் காலணிகளைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"நான் அப்பவே சொன்னேன், அந்தத் துருப்புடிச்ச கம்பிய ஆத்துல போடுன்னு," என்றார் ஒருவர்.

"மச்சானப் பாத்தாவது கத்துக்க வேணாமா? இப்பத் தெரியுதா, நல்ல துப்பாக்கிக்கு ஏன் அவ்வளவு வெலைன்னு?" என்றார் மற்றொருவர். பலரும் ஆமென்று தலையசைத்து, ஒஸ்வால்டை மதிப்போடு திரும்பிப் பார்த்தனர். ஓராண்டு வழக்குக்கு அங்கே தீர்ப்பு கிடைத்துவிட்டது: விலை தகும்.

சென்ஸி கூடையைக் கீழே வைத்தாள். தமையனை ஏறிட்டு, "அண்ணா, நீயா? அந்த வாயில்லா ஜீவனப் பட்டினி போட்டுக் கொல்ல ஒனக்கு எப்படி மனசு வந்துச்சு?" என்றாள், அவள் கண்கள் நிறைந்தன. அப்போதும் ப்ளாசியுஸ் ஒஸ்வால்ட் பக்கம் திரும்பவில்லை. திரும்பாதிருக்க அவன் பட்ட பாட்டை, கழுத்து நரம்புகள் புடைத்து நின்றதை, ஒஸ்வால்ட் கண்டான்.

"அது என் குண்டு," என்றான் ஒஸ்வால்ட்.

எவர் காதிலும் விழவில்லை, ஆகவே மறுபடியும் சொன்னான். "நான் சுட்டது. நேரா நின்னுச்சு, பொறுக்காம சுட்டுட்டேன். பல்லு கெடந்துச்சு, பாத்தேன். எலையப் போட்டு மூடினேன். துப்பாக்கி சரியாத்தான் இருந்துச்சு. அவன் வலியத் தீத்து வெச்சவன், அவ்வளவுதான்." சுவரருகே சென்று, ப்ளாசியுஸின் பெயர்ச்சீட்டைக் கழற்றி, அதன் பின்புறத்தில் தன் பெயரை எழுதி மாட்டினான்.

லேயோன்ஹார்ட் நேர்மையானவர், நேர்மை இருபுறமும் வெட்டும். ஒஸ்வால்டின் வேட்டைக்குரிமத்தைப் பல்லாண்டுக்கு நிறுத்தி வைக்கும்படி அதிகாரிகளுக்கு எழுதுவதாகக் கூறியவர், பொய்ப்பெயர் இட்ட குற்றத்துக்காக ப்ளாசியுஸுக்கும் அவ்வாண்டு வேட்டை இல்லை என்று அறிவித்தார். மறைத்தபோதும் துன்புற்றவன் ப்ளாசியுஸ். உண்மையைச் சொன்னபோதும் துன்புற்றவன் அவனே. ஒஸ்வால்ட் திகைத்து அவனை நோக்கினான். மன்னிப்புக் கேட்க வாய் திறந்தான்.

ப்ளாசியுஸ் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டான். சினத்தோடு அல்ல, களைப்போடே பேசினான். "இப்ப எங்கிட்டச் சொல்லி என்னடா பண்றது? அன்னிக்கே வாயத் தொறந்திருந்தா, அன்னிக்குச் சாயங்காலமே அது நிம்மதியாப் போய்ச் சேந்திருக்கும்."

அவன் போய்விட்டான். சென்ஸியும் தமையன் பின்னே சென்றாள். ஒஸ்வால்ட் மட்டும் காட்சி முடியும் மாலைவரை அத்தாடையின் அருகில் நின்றான். வந்தவர் சிலர் அவன் பெயரைப் படித்து விரைந்து விலகினர், சிறு பிள்ளைகள் மட்டும், "இது ஏன் ஒடஞ்சிருக்கு?" என்று வெகுளியாய்க் கேட்டனர், கேட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் அவன் மறைக்காமல் விடையளித்தான்.

விலை தகுமா என்று இன்றும் எங்கள் ஊரில் வினவுவோர் உளர். அக்கருவியில் பழுதில்லை, குழலில் கோணலில்லை, செய்த கையில் பிழையில்லை. ஆதலின் அதனை ஏந்துவோன் தன் பிழையை இறக்கி வைக்க இவ்வுலகில் வேறிடமே இல்லை. அதனைச் சுமக்கும் வலிமை உள்ளத்தில் உடையவனுக்கு எவ்விலையும் தகும். இல்லாதவனுக்கோ, அவன் கொடுத்த பணம் விலையே ஆகாது. எஞ்சிய விலையை ஓடைநீரில் வாயைத் தோய்த்துத் தோய்த்துப் பருகமாட்டாமல் நின்ற ஓருயிர் அவனுக்காகச் செலுத்தித் தீர்த்தது.