பெயரை மட்டும் மாற்றி

சுதர்சினி டீச்சர் செயற்கை நுண்ணறிவைக் கையில் எடுத்தது வெள்ளிக்கிழமை பஸ்ஸுக்காகத்தான். வேலை ஹேவாஹெட்டவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில், வீடு கம்பளையில். வாரநாட்களில் பாடசாலைக்குப் பக்கத்திலேயே அறை எடுத்துத் தங்கியிருந்தாள். வெள்ளிக்கிழமை இரண்டு மணி கண்டி பஸ்ஸை விட்டால் வீடு போய்ச் சேர்வதற்குள் மகள் தூங்கிவிடுவாள். மகளுக்கு ஆறு வயது. ஞாயிறு பின்னேரம் அம்மா புறப்படும் நேரம் பார்த்து அவளுடைய ஒற்றைச் செருப்பை எங்காவது ஒளித்து வைப்பாள். ஒருமுறை அது அரிசி வாளிக்குள் கிடந்தது.

மூன்று நாள் பிடித்த பாடக்குறிப்பு வேலையை அந்தக் கருவி அரை மணித்தியாலத்தில் முடித்துக் கொடுத்தது. அட, பிழைத்தோம் என்று நினைத்தாள். நினைத்ததை மனதோடு வைத்துக்கொண்டிருக்கலாம். ஸ்டாஃப் ரூமில் வாய்விட்டுச் சொன்னாள், வந்தது வினை. அடுத்த கிழமையே "டீச்சர், எனக்கும் ஒண்ணு" என்று ஆரம்பித்தார்கள். சின்ன வகுப்புக்குப் பட அட்டை, பரிசளிப்பு விழா அழைப்பிதழ், பாடசாலை அபிவிருத்தித் திட்டம், அதிபரின் கடிதங்கள் என்று எல்லாவற்றையும் அவள் தலையில் கட்டினார்கள். சொல்லித் தருகிறேன் வாங்க என்று கூப்பிட்டால், "அதெல்லாம் உங்களுக்குத்தான் வரும்" என்று புகழ்ந்துவிட்டு நழுவினார்கள். மிச்சம் பிடித்த நேரமெல்லாம் ஊரார் வேலையாகத் திரும்பி வந்தது. பழையபடி பஸ்ஸுக்கு ஓட்டம்தான். கணேஸ் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விடாவிட்டால் அதுவும் கிடைக்காது.

கணேஸ் கணித ஆசிரியன், கலகெதரக்காரன், அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவான். போன வருஷம் அவனுக்கு ஊர்ப்பக்கம் இடமாற்றம் வந்து, வந்த வேகத்தில் நின்றும் போனது. வலயக் கல்விப் பணிமனை விடவில்லை என்று பாடசாலை அதிபர் அழகையா கையை விரித்துவிட்டார். மனைவிக்குக் குழந்தை பிறந்தபோது அவன் இங்கே சமன்பாடு படிப்பித்துக்கொண்டிருந்தான்.

இந்த வருஷ இடமாற்றப் பட்டியலில் சுதர்சினியின் பெயர் இருந்தது. ஜனவரியிலிருந்து கம்பளையில், வீட்டிலிருந்து நடந்தே போகும் தூரத்தில் வேலை. போனில் மகளிடம் சொன்னாள்.

"அப்ப இனிமே செருப்ப ஒளிக்கத் தேவையில்லையா?" என்று கேட்டாள் மகள்.

"தேவையில்லடா" என்றாள் சுதர்சினி. சொல்லும்போதே அழுகை வந்தது.

இரண்டு நாள் கழித்து அழகையா ஒரு பைலோடு வந்து எதிர்க் கதிரையில் உட்கார்ந்தார்.

"டீச்சர், வலயத்துக்கு ஒரு கடிதம் அடிக்கணும்."

"யாரைப் பத்தி சேர்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்களைப் பத்தித்தான். இப்ப விட முடியாதுன்னு."

அழகையா கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் சண்டையாவது போடலாம். பெப்ரவரியில் மதிப்பீட்டுக் குழு வருகிறது, மார்ச்சில் அவருக்குப் பென்ஷன். நல்ல பெயரோடு போக வேண்டும் என்பது ஒன்றுதான் அவருடைய ஆசை. "நீங்க போயிட்டா இந்த ஸ்கூல்ல ஒரு பேப்பர் நகராது. ஒரே ஒரு வருஷம் டீச்சர்."

"என்னைப் பிடிச்சு வைக்க நானே எழுதணுமா சேர்?"

"எழுதவே தேவையில்ல." பைலைத் திறந்து அவள் பக்கம் தள்ளினார். "போன வருஷம் கணேசை விட முடியாதுன்னு நீங்க எழுதினது இருக்கு. பெயரை மட்டும் மாத்துங்க."

அவளுக்குச் சுரீர் என்றது. அந்தக் கடிதத்தை அவள் மறக்கவில்லை, மறந்தமாதிரி இருந்தாள். தவணைப் பரீட்சை வேலை கழுத்துவரை கிடந்த நாள் அது. எப்படியும் வலயம்தானே முடிவெடுக்கும் என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டு நான்கே நிமிஷத்தில் முடித்தாள். கருவி முதலில் தந்தது கொஞ்சம் சப்பென்று இருந்ததால், 'மறுக்க முடியாதபடி எழுது' என்று அவளேதான் கட்டளை கொடுத்தாள். அதற்குப் பிறகும் வெள்ளிக்கு வெள்ளி வெட்கமில்லாமல் அவன் வண்டியில் ஏறினாள்.

"நான் எழுத மாட்டேன் சேர்." பைலைத் திருப்பி அவர் பக்கமே தள்ளினாள்.

அழகையா கோபிக்கவில்லை. "சரி, விடுங்க. எப்படியும் இன்னைக்கு அனுப்பணும். கணேசுக்கு நல்ல கையெழுத்து, இதைப் பார்த்து எழுதித் தருவான். என்ன, யார் எழுதினதுன்னு கேப்பான். நான் பென்ஷன் போயிருவேன், நீங்கதான் அவன் முகத்தைப் பார்க்கணும்."

கெட்டவர் இல்லை என்றுதான் சொன்னோம், நல்லவர் என்று சொல்லவில்லை.

பைலை எடுத்துக்கொண்டு அவர் எழுந்திருக்கப் போனார். "இருங்க சேர்" என்றாள். தன் குரலே அவளுக்குப் பிடிக்கவில்லை.

லெப்டொப்பைத் திறந்தாள். பழைய கடிதம் பத்திரமாக அப்படியே இருந்தது. எங்காவது ஓர் ஓட்டை இருந்தால் அதைப் பெரிதாக்கி வலயத்தின் கண்ணில் படவைக்கலாம் என்று வரி வரியாகத் தேடினாள். 'அன்னாரின் குடும்ப நிலையை நாம் நன்கறிவோம். ஆயினும் நூற்று எண்பது பிள்ளைகளின் எதிர்காலம் ஒருவரின் வசதியிலும் பெரிது' என்றிருந்தது. பிள்ளைகள் என்று போட்ட பிறகு எவன் மறுப்பான்? ஓர் ஓட்டையும் இல்லை. மழுப்பலாக எழுதலாம் என்றால், மூலப்பிரதி அவர் மடியில் இருக்கிறது. பெயரை மாற்றினாள். கணிதம் என்ற இடத்தில் தமிழ் என்று போட்டாள். இன்னும் வலுவாக்கித் தரட்டுமா என்று கருவி பணிவாகக் கேட்டது. பட்டென்று மூடினாள்.

பதில் வர மூன்று கிழமை ஆனது. அந்த மூன்று ஞாயிறும் செருப்பு ஒளியவில்லை. அம்மா நிரந்தரமாக வந்துவிடப் போகிறாள் என்ற நம்பிக்கையில் மகளே இரண்டையும் ஜோடியாக வாசலில் எடுத்து வைத்தாள். அவற்றுக்குள் காலை நுழைக்க சுதர்சினிக்குக் கூசியது.

வியாழக்கிழமை வலயத்திலிருந்து பதில் வந்தது. சேவையின் தேவை கருதி தற்போதைய பாடசாலையிலேயே தொடரவும் என்று இரண்டே வரி. வெள்ளிக்கிழமை கணேஸ் வழக்கம்போல வண்டியோடு வாசலில் நின்றான்.

வளைவுகளில் இறங்கும்போது திரும்பாமலே பேசினான். "உங்களையும் நிறுத்திட்டாங்களாமே அக்கா. எந்தக் கல்நெஞ்சுக்காரன் உக்காந்து இதெல்லாம் எழுதுறானோ தெரியல."

இப்போது சொல்லிவிடு, சொல்லிவிடு என்று உள்ளே அடித்துக்கொண்டது. கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டாள். கீழே கண்டி பஸ் புறப்பட உறுமிக்கொண்டு நின்றது.

"மனசை விடாதீங்க" என்றான் அவன். "நம்ம ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு மேன்முறையீடு போடுவோம். நீங்களே எழுதிருங்க. நீங்க எழுதினா அவங்களால மறுக்க முடியாது."

"சரி தம்பி" என்றாள் சுதர்சினி.